ஜாடி இருந்த அறை

ஜன்னல் பக்கம் நீயே இருந்துகொள், மகளே. எனக்கு எதிர்காற்று ஆகாது. இந்தப் பையை மட்டும் காலடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே ஒரு பாட்டில் இருக்கிறது. காலிப் பாட்டில்தான். ஆனாலும் வள்ளியூர் போய்ச் சேருகிறவரை அது உடையக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கண்டக்டர் சொன்னதைக் கேட்டாயா? "பாட்டி, வண்டி வள்ளியூருக்குள்ள போகாது, பைபாஸ்லதான் இறக்கி விடுவேன்" என்கிறான். பாட்டியாம்! பேரன் பேத்தி இருந்தால் அல்லவா பாட்டி? மதுரை மாட்டுத்தாவணியில் "உள்ள போகும், உள்ள போகும்" என்று கூவிக் கூவி ஏற்றினவன் இவன்தான். ஏறி உட்கார்ந்த பிறகு பேச்சு மாறுகிறது. எனக்கு எல்லாரும் இப்படித்தான் வாய்க்கிறார்கள்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். எங்கள் சபையில் பெண்கள் பேசுவதில்லை. பாடலாம். ஆமென் சொல்லலாம், அதுவும் மெதுவாக. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முக்காடு போட்டுக்கொண்டு இடப்பக்கப் பாயில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு நேற்றிலிருந்து யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ தூங்கப் போகிறாயா? இல்லையே? அப்படியானால் கேள்.

என் மகள் குடித்துக்கொண்டிருந்தாள். இப்போது குடிப்பதில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு தொல்லையும்.

சிரிக்காதே. முழுவதும் கேட்டால் நீயே ஒத்துக்கொள்வாய்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் அருமைநாயகம். சபைக்கு அவர்தான் மூத்த மூப்பர். கூட்டுறவுப் பண்டகசாலையில் எடை போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் எடையில் குறைத்ததில்லை, யாருக்கும் கூட்டிப் போட்டதும் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். டிவி கிடையாது, சினிமா கிடையாது, பூ, பொட்டு, நகை ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் வந்தால் வாசலிலேயே நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவோம். எங்களுக்கு ஒரே பிள்ளை. எப்சிபா என்று பெயர் வைத்தார். எப்சி, எப்சி என்று கூப்பிடுவோம்.

எவ்வளவு நன்றாக வளர்த்தோம் தெரியுமா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஜெபத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் அன்றைக்குச் செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் அவர் சொல்வார், அடுத்து நான், அடுத்து அவள். அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே உண்டு. "இன்னிக்கு நான் ஒண்ணும் செய்யலப்பா" என்பாள். "பாவம் இல்லாத மனுஷன் யாரு? நல்லா யோசி" என்பார். அவளும் உட்கார்ந்து யோசிப்பாள். குழம்பு ஆறிப் போகும். கடைசியில் ஏதாவது ஒன்று சொல்வாள். அப்புறம்தான் சாப்பாடு.

பிறகு பிறகு அவளுக்கே பழகிவிட்டது. தயாராக ஒன்று வைத்திருப்பாள். ஒருநாள், "பெரியநாச்சி அத்தை வீட்டு மரத்துல கொய்யாக்காய் திருடினேன்" என்றாள். இவர் விடுவாரா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய், "மன்னிப்புக் கேளு" என்று நிறுத்தினார். அந்த அம்மாள் இவரைப் பார்க்கிறாள், பிள்ளையைப் பார்க்கிறாள். "எங்க வீட்டுல கொய்யா மரமே இல்லையே அண்ணாச்சி" என்றாள்.

பார்த்தாயா? அந்த வயதிலேயே எவ்வளவு பொய்! அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைப் பின்னறையில் போட்டார்.

அடித்ததில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பிள்ளை மேல் கை வைத்ததே இல்லை. மனம் திரும்புகிறவரை தனியாக இருக்கட்டும் என்று பின்னறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தித் தாழ் போடுவார். அவ்வளவுதான். ஜன்னல் இல்லாத அறை. நல்ல குளிர்ச்சி. தேங்காய், புளிப்பானை, பழைய பாய்கள், அப்புறம் என் ஜாடி.

ஜாடியைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் சபையில் ஞாயிறுதோறும் அப்பம் பிட்போம். ஒரே அப்பம், ஒரே பாத்திரம். பாத்திரத்தில் திராட்சரசம். அது ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். எல்லாரும் ஒரு வாய் குடிக்க வேண்டும். குடிக்காமல் யாராவது நகர்த்திவிட்டால், அவர்கள் மனதில் மறைத்து வைத்த பாவம் இருக்கிறது என்று அர்த்தம். மிச்சம் இருப்பதைக் கீழே ஊற்றக் கூடாது. ஜெபித்த ரசம் அல்லவா? மூப்பர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும். இவர் தீர்ப்பார்.

அந்த ரசத்தைச் செய்கிறவள் நான். கம்பத்துப் பன்னீர்த் திராட்சை வாங்கி, காம்பு ஆய்ந்து, கழுவி, துணியில் ஈரம் உலர்த்தி, சர்க்கரை சேர்த்துக் கையால் மசித்து, ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைக்க வேண்டும். தினமும் மரக்கரண்டியால் கிளற வேண்டும். வடித்த பிறகு மறுபடியும் இருட்டில் வைக்க வேண்டும். நாளாக ஆகப் புளித்து ருசி ஏறும். திசையன்விளைச் சபைக்காரர்கள்கூட என்னிடம்தான் பக்குவம் கேட்பார்கள். சபையில் நான் பேசாவிட்டாலும் என் ரசம் எல்லார் வாய்க்குள்ளும் போகிறதே! அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எப்சி பின்னறையில் இருக்கும்போது முதலில் அழுவாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாட்டுப் பாடுவேன். அவள் பயப்படக் கூடாது என்றுதான். கல் நெஞ்சமா எனக்கு? பாடிக்கொண்டே இருப்பேன். அழுகை நின்றதும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ் திறந்தால் பிள்ளை சாந்தமாக வரும். கண் சிவந்திருக்கும், கன்னமும் சிவந்திருக்கும், ஆனால் எதிர்ப்பேச்சே கிடையாது. சாப்பிட்டதும் படுத்து நன்றாகத் தூங்கிவிடும். "பாத்தியா, மனம் திரும்பிட்டா" என்பார் இவர். பெரிய பெண்ணான பிறகு அவளே சின்னச் சின்னத் தப்பாகச் செய்துவிட்டு, "நான் பின்னறைக்குப் போறேன்" என்று போக ஆரம்பித்தாள். அவ்வளவு பணிவு.

அந்த வருஷங்களில் ஜாடியில் ரசம் குறைந்துகொண்டே வந்தது. கோடை வெயில் கொஞ்சமா? ஆவியாகத்தான் போகும். நான் திராட்சையைக் கூட்டிப் போட்டேன்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

தூத்துக்குடியில் நல்ல விசுவாசிக் குடும்பம் பார்த்துக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை அரிசி டப்பாவுக்குள் பாட்டிலைக் கண்டுபிடித்தான். அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டான். அப்போதுதான் எங்களுக்கே தெரியும். பெண் பிள்ளை! எங்கள் பிள்ளை! நாங்கள் செய்யாததா? உபவாசம் இருந்தோம். மூப்பர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து அவள் தலையில் கை வைத்து, தோளைப் பிடித்து உலுக்கி, "வெளியே போ, வெளியே போ" என்று அதட்டிப் பார்த்தார்கள். பிசாசு போகவில்லை. அவள்தான் வெளியே போனாள். மதுரைக்கு.

அங்கே அவள் எப்படிச் சீரழிந்தாள், யார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அதெல்லாம் எனக்கு முழுதாகத் தெரியாது. இப்போது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். குடிப்பதில்லை. முகம் தெளிந்திருக்கிறது. கை நடுக்கம் இல்லை. கண்ணாடிச் சில்லைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை, நடுங்கினால் முடியுமா?

சரி, விட்டுவிட்டாள், தேவனுக்குத் தோத்திரம், வீட்டுக்கு வந்து எல்லாரையும் போல இருக்க வேண்டியதுதானே? போன மாதம் வந்தாள். நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். வந்த அன்றைக்கே அடுப்படியில் என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்கிறாள்: "அம்மா, இந்த ஒரு வாரம் மட்டும் திராட்சையைக் கொதிக்க வச்சு ஆறவச்சுச் சாறா எடுங்களேன். நானும் குடிச்சுக்கிடுவேன்."

எனக்கு எப்படி இருக்கும்? "உனக்காக ஆண்டவருடைய பந்தியை மாத்தணுமா, ஏட்டி? இத்தனை வருஷம் இல்லாம?" என்று கேட்டேன்.

"சரிம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் பெண்கள் பக்கம் வந்தது. எனக்கு அடுத்து அவள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன். வாங்கினாள். வாங்கின வேகத்தில் பக்கத்துச் சகோதரியிடம் நீட்டிவிட்டாள். உதட்டருகே கொண்டுபோகக்கூட இல்லை. போயும் போயும் மூப்பர் மகள்! பாய் முழுக்க முக்காடுகள் திரும்பின. ஆண்கள் பக்கமிருந்து இவர் பார்த்தார். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்க்காமல் இருந்ததே நல்லது.

ஒரு வாய்! விஷமா கொடுத்தோம்? அவளிடம் கேட்டேன். "எனக்கு ஒரு வாய்னு ஒண்ணு கிடையாதும்மா. முதல் வாய் உள்ள போனா அடுத்ததை நான் நிறுத்த முடியாது" என்றாள். ஆண்டவருடைய பாத்திரத்தைக் கடைச் சரக்கோடு சேர்த்துப் பேசுகிறாள்.

மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள், அதாவது நாளைக்குள், அவள் பாத்திரத்தில் பங்கெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சபைக்குப் புறம்பாக்கிவிடுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? புறம்பாக்கப்பட்டவர்களோடு நாங்கள் சாப்பிடக் கூடாது. பெற்ற பிள்ளையாக இருந்தாலும். அவள் வடித்த சோற்றை நானும், நான் வடித்த சோற்றை அவளும் ஒரே வீட்டில் உட்கார்ந்து தின்னக் கூடாது. போன் பேசலாமா என்று கேட்டேன். அதை யோசித்துச் சொல்கிறேன் என்றார் இவர்.

படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு அப்பமும் ரசமும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது எங்களிடம் உண்டு. சகோதரர் யாராவது கொண்டுபோவார். அப்படி அனுப்பலாம் என்று இவரே சொன்னார். இரக்கம் இல்லாதவர் என்று நீ நினைத்துவிடாதே. ஆனால் அவள் வீட்டுப் படியேற எந்தச் சகோதரரும் தயாராக இல்லை. கடைசியில் என் தலையில் கட்டினார்கள். மூப்பர்கள் ஜெபித்து, அப்பத்தை டிபன் பாக்ஸிலும், ரசத்தை ஒரு டானிக் பாட்டிலிலும் தந்தார்கள். பாட்டிலில் ஊற்றியது நான்தான். ஒரு வாய் போதும். ஆனால் குறைவாகக் கொடுத்தால் மரியாதையாக இருக்காதே என்று கழுத்துவரை நிரப்பினேன்.

"திரும்பி வந்து ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார் இவர். "பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில வை. பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

நேற்று மத்தியானம் மதுரையில் இறங்கினேன். நேரே அவள் வீட்டுக்குப் போகலாம் என்றால், "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எங்க கூட்டம் இருக்கும்மா. நீங்களும் வாங்க" என்று கூட்டிப்போனாள். கூட்டம் என்றதும் நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு போனேன்.

மாடியில் தையல் வகுப்பு நடக்கிற அறை. மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு வட்டமாக நாற்காலி போட்டிருக்கிறார்கள். எல்லாம் பெண்கள். எல்லாரும் குடித்தவர்கள். எனக்கு உட்காரவே கூச்சம். ஒருத்தி பொட்டு வைத்திருக்கிறாள், ஒருத்தி பர்தா போட்டிருக்கிறாள், ஒருத்தி கழுத்து நிறைய நகை. பிரசங்கம் இல்லை. மூப்பர் இல்லை. ஒவ்வொருத்தியாகப் பேசுகிறாள். பெயரைச் சொல்லி, "நான் குடிநோயாளி" என்று சொல்லிவிட்டு மனதில் இருக்கிறதைப் பேசுகிறாள். நடுவில் யாரும் குறுக்கே பேசுவதில்லை, திருத்துவதில்லை. பெண்கள், வரிசையாக, ஒருத்திக்குப் பின் ஒருத்தி! இது என்ன ஒழுங்கு?

பேச்சியம்மாள் என்று ஒருத்தி. வெங்காய மண்டியில் தரம் பிரிக்கிறவளாம். எப்சியின் பக்கத்து வீடு. "என் வீட்டுக்காரரு குடிக்கையில ஊரே எனக்காகப் பரிதாபப்பட்டுச்சு. நான் குடிக்க ஆரம்பிச்சதும் ஊரே அவருக்காகப் பரிதாபப்பட்டுச்சு. நடுவுல சாராயம்தான் யாரு பக்கமும் சாயாம இருந்துச்சு" என்றாள். சிரிப்பு! குடியைப் பற்றிப் பேசிவிட்டு யாராவது சிரிப்பார்களா? எப்சி சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. எனக்குக் கோபமாக வந்தது.

அப்புறம் எப்சி பேசினாள். என்னை வைத்துக்கொண்டே பேசினாள். பின்னறையைப் பற்றி. "எங்கம்மா கதவுக்கு வெளிய உக்காந்து பாடுவாங்க. அந்தப் பாட்டு கேக்கிற வரைக்கும் எனக்குப் பயம் இருக்காது. பாட்டு நின்னதுன்னா அம்மா எழுந்து போயிட்டாங்கன்னு அர்த்தம். அப்போதான் ஜாடியைத் தடவித் தடவிக் கண்டுபிடிச்சுத் துணியை அவுப்பேன்" என்றாள்.

கேட்டாயா? அப்படியானால் நான் பாட்டை நிறுத்தியதுதான் குற்றமா? அடுப்பில் உலை கொதிக்கிறது, போய்ப் பார்க்க வேண்டாமா? ராத்திரி முழுக்கவா உட்கார்ந்து பாட முடியும்? அதோடு, கோடையில் ரசம் ஆவியாகத்தான் போகும், அதில் மாற்றமே இல்லை. இவள் என்ன, ஒன்றிரண்டு வாய் குடித்திருப்பாள். அந்தப் பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். எதற்கு? நான் பாடியதற்கா?

என் முறை வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க ஏதாச்சும் சொல்றீங்களாக்கா?" என்று பேச்சியம்மாள் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை, மகளே. உள்ளே அவ்வளவு இருக்கிறது, வெளியே வரவில்லை. எந்தக் கூட்டத்தில் நான் வாய் திறந்திருக்கிறேன், சொல். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"சரிக்கா. இல்லைன்னா இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டாள்.

அவ்வளவுதான்! இன்னொருமுறை கேட்கவில்லை. நல்லா யோசியுங்கள் என்று சொல்லவில்லை. ஒண்ணும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுவதா? எப்படி விடலாம்? இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே. எதைச் சொல்லியிருப்பேன் என்று கேட்காதே, எதையாவது சொல்லியிருப்பேன். அந்த எரிச்சல்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கோவில்பட்டி வந்துவிட்டதா? டீக்கு நிறுத்துவான். இரு, இந்தப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன். புளிசாதம், உருளைக்கிழங்கு. எப்சி கட்டிக் கொடுத்தது. நீயும் ஒரு கை எடு. கூச்சப்படாதே, நிறைய வைத்திருக்கிறாள். நாளைக்குத்தான் கூடாது. இன்றைக்குச் சனிக்கிழமைதானே? இன்றைக்கு அவள் கைச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றியிருக்கிறாள், பார். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். என்னிடம்தான் கற்றாள், ஆனாலும் தூக்கல்.

சரி, எங்கே விட்டேன்? வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. சுத்தமாக வைத்திருக்கிறாள். "ஜெபம் பண்ணுதியா?" என்று கேட்டேன். "காலையில கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பேம்மா" என்றாள். "யாரை நோக்கி?" "தெரியல." "அன்னன்னைக்குப் பாவத்தையாவது சொல்லுதியா?" "இருக்கிற அன்னைக்குச் சொல்லுவேன். இல்லாத அன்னைக்கு இல்லைன்னு சொல்லிட்டுச் சாப்பிடுவேன்." இப்படிப் பதில்!

நான் டிபன் பாக்ஸைத் திறந்து அப்பத்தை எடுத்து வைத்தேன். பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். மணம் குப்பென்று வந்தது. என் பக்குவம், வராமல் இருக்குமா? நிமிர்ந்து பார்க்கிறேன், பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கை, கண்ணாடி பொருத்துகிற கை, நடுங்குகிறது. பின்னாலேயே நடந்து வாசலுக்குப் போய்விட்டாள். வெளியே நின்று கதவைச் சாத்தினாள்.

"அம்மா, மூடுங்க. மூடிட்டுக் கூப்பிடுங்க. நான் இங்கதான் நிக்கேன்."

"ஒரு வாய்தானட்டி. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் தவணை."

"தெரியும்மா. மூடுங்க."

"உன்னைப் புறம்பாக்கிருவாங்க. அப்புறம் நான் உன்கூட உக்காந்து சாப்பிட முடியாது."

"நீங்க சாப்பிடலாம்மா. அது நீங்க முடிவு பண்றது" என்றாள்.

நானாம்! நான் எதை முடிவு செய்திருக்கிறேன்? திராட்சையைத் தவிர?

அப்போது பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பொழுது மசங்குகிற நேரம், அறை இருண்டுவிட்டது. மூடியை இருட்டில் திருகினால் மரை பிடிக்கவில்லை. பழைய டானிக் பாட்டில். திறந்த பாட்டிலைப் பையில் வைக்க முடியுமா? வெள்ளைச் சேலை எல்லாம் கறையாகும். கீழே ஊற்றலாமா? ஜெபித்த ரசம், ஊற்றக் கூடாது. வேறு என்ன வழி, நீயே சொல். குடித்துத்தான் தீர்க்க வேண்டும். மூப்பர் அங்கே இருக்கிறார். இங்கே நான்தான் இருக்கிறேன். அதனால் குடித்தேன். அது ஒன்றுதான் காரணம்.

வாரம் ஒரு வாய்க்கு மேல் நான் குடித்ததே இல்லை. முதலில் தொண்டை காந்தியது. அப்புறம் நெஞ்சில் ஒரு சூடு இறங்கிற்று. யாரோ உள்ளங்கையால் தடவிக் கொடுக்கிற மாதிரி. எவ்வளவு கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன்? அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இருட்டு இருட்டாகவே இருந்தது, ஆனால் அது என்னை ஒன்றும் செய்யாது போல இருந்தது. கதவைப் பார்த்தேன். கதவடியில் அந்தி வெளிச்சக் கோடு, அதில் அவளுடைய இரண்டு கால் நிழல். உள்ளேயிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரிகிறது, மகளே. இரண்டு கால் நிழல். எனக்கு அது தெரியாது. நான் எப்போதும் வெளியேதானே இருந்தேன்?

"ஏட்டி, நிக்கியா?" என்றேன்.

"இங்கதாம்மா நிக்கேன்."

"போயிராத."

"போகலம்மா."

சரி, அதை விடு. காற்று அடிக்கிறது, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளு. கண்ணில் தூசி.

கரண்ட் வந்ததும் கதவைத் திறந்தாள். காலிப் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏம்மா, முழுசுமா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள். நான் கிட்டே போனேன். சட்டென்று கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க வாய்ல அந்த வாடை இருக்கு. இன்னிக்கு நான் உங்க பக்கத்துல படுக்க முடியாது" என்றாள். போய்ப் பேச்சியம்மாள் வீட்டில் படுத்துக்கொண்டாள்! பெற்ற தாயின் மூச்சு ஆகவில்லை அவளுக்கு. அதற்குப் பதில் பேச்சியம்மாள் என்னோடு படுக்க வந்தாள். வந்தவள் மோரைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, தட்டில் இருந்த அப்பத்தை எடுத்துத் தின்றாள். "சப்பாத்தியில உப்பே இல்லையேக்கா" என்றாள். மூப்பர்கள் ஜெபித்த அப்பம்! எனக்குச் சொல்லத் தெம்பில்லை. தலை சுற்றிக்கொண்டிருந்தது.

காலையில் எப்சி வந்தாள். குளித்து, வேலைக்குக் கிளம்பி, இந்தப் பொட்டலத்தையும் கட்டியிருந்தாள். நான் பாட்டிலைக் கழுவாமல் துணியில் சுற்றிப் பைக்குள் வைப்பதைப் பார்த்துவிட்டாள். அவள் கெட்டிக்காரி.

"பொய் சொல்லப் போறீங்களாம்மா?"

"நான் எதுக்குப் பேசப் போறேன்?"

"எனக்காக வேண்டாம். தள்ளினா தள்ளட்டும். எனக்கு அந்தப் பயம் போயிட்டு."

"எனக்குப் போகலையேட்டி" என்றேன். "உனக்காக இல்ல. எனக்காக."

கிட்டே வந்து என் முக்காட்டைச் சரி செய்துவிட்டாள்.

இப்போது தெரிந்ததா, பாட்டில் ஏன் உடையக் கூடாது என்று? கொண்டுபோய் மேசையில் வைப்பேன். இவர் தூக்கிப் பார்ப்பார். எடை பார்த்துப் பழகின கை. "முழுசும் தீந்துதா?" என்பார். தலையசைப்பேன். தீர்ந்ததே, அது பொய்யில்லையே? சந்தோஷப்படுவார். அவள் குடிக்கவில்லை என்றால் புறம்பாக்குவார். ஒரு பாட்டில் முழுக்கக் குடித்தாள் என்றால் தோத்திரம் சொல்வார். எனக்கே இதில் எங்கேயோ இடிக்கிறது, ஆனால் எங்கே என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. வீட்டுக்குப் போனதும் அடுத்த ஜாடிக்குத் திராட்சை ஆய வேண்டும். ஆமாம், கேட்க நினைத்தேன், கொதிக்க வைத்த சாற்றுக்கும் ரசத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியுமா? தெரியாது என்கிறாயா? தெரியாது என்றுதான் நானும் நினைக்கிறேன். செலவு குறையுமே என்று கேட்டேன், வேறொன்றும் இல்லை.

அவள் வாயால் என்ன சொன்னாள் என்று மற்ற மூப்பர்கள் குடைந்தால்? குடையட்டும். எங்கள் சபையில் பெண்கள் பேசுவதில்லை, மகளே. அவர்களே வைத்த ஒழுங்கு.

அதோ, பைபாஸ். "பாட்டி, எழுந்து வாங்க" என்று கத்துகிறான் பார். வருகிறேனப்பா! ஒரு நிமிஷம் கிட்டே வா, மகளே. இன்னும் கிட்டே. என் வாயில் வாடை ஏதும் அடிக்கிறதா, பார்த்துச் சொல். நன்றாகப் பார். புளிசாத வாடை மட்டும்தானா? நிச்சயமாக?

அது அவள் கைப் புளிசாதம், அடிக்கட்டும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.